நபவிய்யாவின் பரிசோதனை முடிவு

1987 பிப்ரவரி 3, செவ்வாய்

நேற்று இரண்டு என்று குல்தா சொன்னான். அப்படியென்றால் இன்று மூன்று. குல்தா எங்கள் லேப் குமாஸ்தா. கண்ணாடித் தகடுகளில் தேதி எழுதி ஒட்டுகிறவன் அவன்தான். எனக்கு எழுத்து தெரியாது. பேசத் தெரியும், மறக்கத் தெரியாது.

இராக்கில் வேலை செய்யும் மகன் ஷஹாத்தா மருமகளுக்குப் புது டேப் ரிக்கார்டர் அனுப்பியிருக்கிறான். பழையது எனக்கு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் கடிதமே கிடையாது. வீட்டார் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பேசி, கேசட்டாக அனுப்புவோம். பெட்டிக்குள் கிடந்த ஒரு கேசட்டை எடுத்து வந்து லேப் அலமாரியில் வைத்திருக்கிறேன். யாரும் வருவதற்கு முன்னால் இதில் எனக்கு நானே பேசி வைப்பதாக உத்தேசம்.

ஆஸ்பத்திரிக் கணக்கில் நான் ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. ஆனாலும் வருகிறேன். தகடு கழுவ வேண்டும். கொல்லையில் கட்டியிருக்கும் ஆட்டுக்கடா பாஷாவிடம் ரத்தம் எடுத்துத் தர வேண்டும். அதைச் சுடவைத்துத் தட்டில் ஊற்றினால் பழுப்பாக உறையும். கிருமிகளுக்கு அது விருந்து. பிறகு தட்டுகளை ஜாடிக்குள் அடுக்கி, நடுவில் மெழுகுவர்த்தி ஏற்றி, மூட வேண்டும். நான் நாற்பது எண்ணுவதற்குள் சுடர் தானாகச் செத்துவிடும். காற்று குறைந்தால்தான் அந்தக் கிருமி வளருமாம். முப்பது வருஷமாக ஏற்றுகிறேன். சுடர் கடைசியாக ஒருமுறை நிமிர்ந்து பார்க்கிற அந்த நேரத்தில் இப்போதும் எனக்கு முதுகு சில்லிடும்.

1987 பிப்ரவரி 5, வியாழன்

டாக்டர் இன்ஸாஃப் அலெக்ஸாந்திரியாக்காரி. பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய் சிவந்து சீழ் வைக்கிறதே, அதற்கு எந்தெந்தக் கிருமி காரணம் என்று இருநூறு பெண்களைப் பார்த்து எழுதப் போகிறாள். ஒவ்வொருத்திக்கும் பஞ்சு சுற்றிய குச்சி மூன்று. ஒன்று தகட்டுக்கு. ஒன்று தட்டுக்கு. மூன்றாவதைப் பனிக்கட்டி ஃபிளாஸ்கில் போட்டு மத்தியான ரயிலில் கெய்ரோவுக்கு அனுப்புகிறோம். கார்டின் கையில் கொண்டுபோய்க் கொடுப்பது நான்.

"மூணு பேரைத் தேடறோம் பெரியவரே," என்றாள் இன்று. "ஒருத்தன் நீந்துவான், சொட்டுத் தண்ணியில பார்த்தாலே தெரியும். ஒருத்தன் ஜோடி ஜோடியா உட்காருவான், காப்பிக்கொட்டை மாதிரி. மூணாமவன் இருக்கானே, அவன் கண்ணுக்கும் தெரியமாட்டான், தட்டுலயும் வளரமாட்டான். உயிரோட இருக்கற செல்லுக்குள்ள புகுந்துதான் வளருவான். கெய்ரோவுல அதுக்குன்னு உயிர் செல் வளர்த்து வெச்சிருக்காங்க."

"வலிக்குமா?"

"அவன் சத்தமே போடமாட்டான். அதான் பயம்."

அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அவளுடைய பதிவேட்டில் உயிரோடு இருப்பவள் ஒருத்திகூட இல்லை.

எங்கள் ஊர்ப் பெண்கள் இந்தச் சோதனைக்குத் தங்கள் பெயரைக் கொடுப்பதில்லை. அந்த வீட்டில் செத்துப்போன ஒருத்தியின் பெயரைக் கொடுப்பார்கள். கேவலம் என்று ஒன்று வந்தாலும் அது மண்ணுக்கடியில் இருப்பவளோடு போகட்டும் என்ற எண்ணம். விலாசம் கேட்டால் 'கிழக்கு மேடு' என்பார்கள். கிழக்கு மேட்டில் இருப்பது எங்கள் இடுகாடு.

குல்தா ஒவ்வொரு பெயராகப் படிக்கும்போது நான் தகடு கழுவிக்கொண்டே கேட்பேன். இவள் காலராவில் போனவள். இவள் பிரசவத்தில். இவளைப் புதைக்க ஜனாஸா எடுத்த அன்று மழை. ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். பெண்கள் விஷயம்.

1987 பிப்ரவரி 8, ஞாயிறு

"அறுபத்தொன்று," என்று படித்தான் குல்தா. "நபவிய்யா தர்வீஷ் ஜாத்."

தகடு கையிலிருந்து விழவில்லை. அது எப்படியென்று தெரியவில்லை.

"என்ன பெரியவரே, சுவத்துல பல்லி ஏதாவது பேசுதா?"

"இன்னொரு தடவை படி."

படித்தான். அதே மூன்று பெயர்.

"வயசு போட்டிருக்கா?"

"இருபத்தாறு. கல்யாணமாகி அஞ்சு வருஷம். குழந்தை இல்ல. கிழக்கு மேடு."

நபவிய்யா என் மனைவி. மூன்று வருஷத்துக்கு முன் ஐம்பத்து மூன்றாம் வயதில் செத்துப்போனாள். என் கையால் மண் போட்டேன். அவள் இருபத்தாறு வயதாகி நேற்று மேட்டிலிருந்து இறங்கி வந்து, பெஞ்சில் படுத்து, மூன்று குச்சி கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

வழக்கம் தெரியும் எனக்கு. தெரிந்தும் கழுவிய தகட்டையே மறுபடி கழுவினேன்.

மெழுகுவர்த்தியை ஏற்றி ஜாடியை மூடினேன். எண்ணினேன். நாற்பது தாண்டியது. எழுபது தாண்டியும் எரிந்தது. காற்று புகாமல் மூடி ஓரத்தில் வாஸ்லின் பூச மறந்திருந்தேன், அவ்வளவுதான். பூசினதும் அணைந்தது. ஆனால் அதுவரைக்கும் அவள் தட்டின் மேல் அந்த வெளிச்சம் இருந்தது.

1987 பிப்ரவரி 9, திங்கள்

என் குடும்பத்தில் இப்போது பெண்கள் இரண்டே பேர். தங்கை பஹிய்யாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. இன்னொருத்தி மருமகள் தஹானி.

இருபத்தாறு வயது.

1987 பிப்ரவரி 10, செவ்வாய்

அறுபத்தொன்றின் சொட்டில் நீந்துகிறவன் இல்லை. தகட்டில் ஜோடி இல்லை. தட்டும் சுத்தம். ஆனால் சீழ் அணுக்கள் கொட்டிக் கிடக்கின்றன என்றாள் டாக்டர். வீட்டுக்குள் சண்டை நடந்த மாதிரி எல்லாம் உடைந்து கிடக்கிறது, சண்டை போட்டவனை மட்டும் காணோம். மூன்றாமவனாக இருக்கலாம், கெய்ரோ சொல்லட்டும் என்றாள்.

"இது எப்படி வருது டாக்டரம்மா?"

"ஆம்பளைகிட்டேயிருந்து வரும் பெரியவரே. வேற எப்படி?"

என் மகன் இராக்கில் இருக்கிறான். போன அக்டோபரில் வந்து போனவன். இப்போது பிப்ரவரி.

இந்த யோசனையை நான் யோசித்திருக்கக் கூடாது. யோசித்தேன். சாயங்காலம் அவள் எனக்குப் பீன்ஸ் குழம்பு ஊற்றும்போது அவள் கையைப் பார்த்தேன். நேற்றுவரை பார்த்த கைதான். நான் பார்த்த பார்வைதான் வேறு. அவளுக்கும் தெரிந்திருக்கும். கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

சாப்பிடவில்லை.

1987 பிப்ரவரி 12, வியாழன்

பேசியது பதிந்திருக்கிறதா என்று கேசட்டைத் திருப்பி ஓடவிட்டேன். என் குரல் வந்தது. நின்றது. பிறகு வெகு நேரம் இரைச்சல். நாடா முடியப்போகிற இடத்தில், அதற்குள்ளிருந்து —

"ஷஹாத்தா, அங்க குளிர்றதா? உன் பொண்டாட்டி நல்லா இருக்கா. ரொட்டி என்னைவிட நல்லா சுடறா, அவகிட்ட சொல்லிடாத —"

நபவிய்யா.

காலையில் யாருமில்லாத லேப். கொல்லையில் பாஷா கத்திக்கொண்டிருந்தது. தொட்டி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு புரிந்தது. அனுப்பாமல் விட்ட கேசட் இது. மேலே ஒட்டியிருந்த தாளில், லீவில் வந்தபோது ஷஹாத்தா ஏதோ எழுதி வைத்திருந்தான். அது எனக்கு வெறும் கிறுக்கல். வெற்றுக் கேசட் என்று எடுத்து வந்து, அவள் குரல் மேலேயே நான் பேசிக்கொண்டிருக்கிறேன். இதுவரை பேசிய அளவுக்கு அவள் போய்விட்டாள். இனி குறைத்துப் பேச வேண்டும்.

1987 பிப்ரவரி 22, ஞாயிறு

கெய்ரோவிலிருந்து தாள் வந்துவிட்டது. அறுபத்தொன்றில் மூன்றாமவன் இருக்கிறான்.

டாக்டர் இன்ஸாஃப் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். "இதோட பன்னெண்டு பேர். ஒருத்தியும் முடிவு கேட்டு வரல. வீட்டுக்கு ஆள் அனுப்பினா, கிழக்கு மேட்டுல வீடே இல்லங்கறான். என்ன ஊர் இது பெரியவரே? எனக்கு யார்தான் வந்து படுத்துட்டுப் போறாங்க?"

குல்தா பதிவேட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டான். அவனுக்கும் தெரியும்.

"மருந்து குடுக்கலேன்னா என்ன ஆகும்?" என்றேன்.

"மெல்ல மேலே ஏறும். குழாய் ரெண்டும் ஒட்டிக்கும். அப்புறம் குழந்தைங்கற பேச்சே இல்ல. இந்த அறுபத்தொண்ணுக்கு ஏற்கெனவே பாதி ஒட்டியிருக்கோ என்னவோ. மாத்திரை ஒரே வாரம். அதுக்குக்கூட ஆள் வரலேன்னா நான் என்ன பண்ண?"

"புருஷன் ஊர்ல இல்லாதவளுக்கு இது வருமா?"

"இருந்தப்போ குடுத்துட்டுப் போயிருப்பான். இது வருஷக்கணக்கா சும்மா உள்ளேயே உட்கார்ந்திருக்கும். அவனுக்கு எப்பவாவது மூத்திரம் எரிஞ்சிருக்கும். ரெண்டு மாத்திரை போட்டிருப்பான், எரிச்சல் நின்னிருக்கும். மறந்திருப்பான்."

தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டேன். அந்தச் சத்தம் எனக்கு வேண்டியிருந்தது.

1983. ஷஹாத்தா கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவை லீவில் வந்த ஆண்டு. பேரீச்சை இறக்கும் மாதம். மாடியில் புறாக்கூட்டுக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டு, "வாப்பா, எரியுது. அம்மாகிட்ட சொல்லாதீங்க," என்றான். நான் இங்கே மருந்தகத்தில் கேட்டு மூன்று மாத்திரை வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். மூன்றே மூன்று. மஞ்சள் நிறம், காகிதத்தில் மடித்தது. இளைஞன், வெளியூர், நடக்கிறதுதான் என்று நினைத்தேன். வீட்டுக்குள்ளே அவனைக் கட்டி ஒரு வருஷமான பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று நினைக்கவில்லை.

எனக்கு எதுவும் மறக்காது என்று பெருமை அடித்துக்கொள்கிறவன் நான். இது மறக்கவில்லைதான். சேர்த்துப் பார்க்கவில்லை.

போன பதினைந்து நாளாக அவளை ஒரு பார்வை பார்த்தேனே. அந்தக் கண்ணை எங்கே கொண்டுபோய்க் கழுவ?

1987 மார்ச் 1, ஞாயிறு

பஹிய்யா வந்திருந்தாள். இருபதாம் தேதி ஷஹாத்தா லீவில் வருகிறான். இரண்டாம் கல்யாணத்துக்குப் பெண் பார்த்து வைத்திருக்கிறாள் தங்கை. அவன் வந்த மறுநாள் ஃபாத்திஹா ஓதி உறுதி செய்ய வேண்டும். இதற்குப் போன மாதமே சரி என்று தலையாட்டியவன் நான்தான். இங்கே ஒளிக்க என்ன இருக்கிறது?

"பாரு அண்ணா, பொண்ணுக்கு இடுப்பு வாகு அப்படி. வருஷத்துக்கு ஒண்ணு பெறுவா," என்றாள், உள்ளே கேட்கிற மாதிரி.

"மெதுவா பேசு."

"ஏன் மெதுவா? விதை போட்டு அஞ்சு வருஷம் ஆச்சு. ஊர் பார்த்துட்டுத்தானே இருக்கு? நிலத்துல குறையா, என் அண்ணன் மகன்கிட்ட குறையா?"

தஹானி டீத் தட்டோடு வந்தாள். பஹிய்யாவின் கிளாஸில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கினாள். கரண்டி கிளாஸில் படவேயில்லை. சத்தமே இல்லாமல் கலக்கினாள்.

"பொண்ணு நல்லவளா, அத்தை?" என்று கேட்டாள்.

பஹிய்யாவுக்கு டீ புரையேறியது.

1987 மார்ச் 3, செவ்வாய்

எப்படிச் சொல்வது? மாமனார் மருமகளிடம் பேசுகிற பேச்சா இது? அந்த இடத்தின் பெயரையே அவள் முன்னால் நான் சொல்ல முடியாது. சொன்னால் அவள் கிணற்றைத்தான் தேடுவாள். அவள் அந்தச் சோதனைக்குப் போனது எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியக் கூடாது. ஆனால் முடிவு அவளுக்குத் தெரிந்தாகவும் வேண்டும்.

பஹிய்யாவிடம் சொல்லிவிட்டால் ஊருக்குத் தமுக்கு வேண்டாம். டாக்டரிடம் சொன்னால் அவள் நல்லெண்ணத்தில் நேரே வாசலுக்கே வந்து நிற்பாள்.

முடிவு வந்திருப்பது நபவிய்யாவின் பெயருக்கு. அப்படியானால் நபவிய்யாவிடம்தானே சொல்ல வேண்டும்.

1987 மார்ச் 5, வியாழன்

காலையிலேயே கிழக்கு மேட்டுக்குப் போனேன். வியாழக்கிழமைகளில் பெண்கள் ரொட்டியும் பேரீச்சையும் கொண்டுவந்து கல்லறையில் வைத்து, ஓதிவிட்டு, ஏழைகளுக்குக் கொடுப்பார்கள். தஹானி நபவிய்யாவின் பழைய கறுப்புப் போர்வையைப் போர்த்திக்கொண்டு தலைமாட்டில் நின்றிருந்தாள். பின்னாலிருந்து பார்க்க அவளேதான். ஒரு நிமிஷம் எனக்கு யார் மண்ணுக்குள், யார் வெளியே என்று குழம்பிவிட்டது.

நான் கால்மாட்டில் உட்கார்ந்தேன். அவளைப் பார்க்கவில்லை. மண்ணைப் பார்த்தே பேசினேன்.

"நபவிய்யா, உன் ரிசல்ட் வந்திருக்கு. அறுபத்தொண்ணாம் நம்பர். ஆஸ்பத்திரியில உன்னைத் தேடிட்டிருக்காங்க."

ரொட்டியை எடுத்த கை அப்படியே நின்றது.

"உன்மேல ஒரு தப்பும் இல்ல. வீட்டு ஆம்பளை வெளியூர்லேயிருந்து கொண்டுவந்தது. எனக்குத் தெரியும். அவனுக்கு மூணு மாத்திரை வாங்கிக் குடுத்தவன் நான். உனக்குக் குடுக்கணும்னு தோணல. அதுக்கு நீ என்னை என்ன வேணா சொல்லிக்கோ. சனிக்கிழமை போ. பொம்பளை டாக்டர்தான், பேரு ஊரு கேக்கமாட்டா, நம்பர் சொன்னா போதும். ரெண்டு பொட்டலம் தருவா. உன்னோடதை அன்னிக்கே ஆரம்பி. இன்னொண்ணு அவனுக்கு. அவன் அதை முடிக்கற வரைக்கும் நீ தள்ளிப் படுக்கணும். அவனை முழுங்க வைக்கறது என் வேலை."

காற்று இல்லை. பக்கத்துக் கல்லறையில் கிழவி ஒருத்தி ஓதிக்கொண்டிருந்தாள். தலைமாட்டில் நின்றவள் ரொட்டியை இரண்டாகப் பிய்த்தாள். மறுபடி நான்காக. அப்புறம் துண்டு துண்டாக, கை நிறையத் தூளாகும்வரை.

திரும்பி வரும்போது எனக்குப் பத்தடி பின்னால் நடந்தாள். வாய்க்கால் பாலத்தில் கேட்டாள்:

"மாமா, அத்தை ஏதாவது பதில் சொன்னாங்களா?"

"ஒண்ணும் சொல்லல."

"அவங்க அப்படித்தான். சம்மதம்னா பேசமாட்டாங்க."

1987 மார்ச் 7, சனி

அறுபத்தொன்று வந்தது. டாக்டர் இன்ஸாஃப் வெளியே ஓடி வந்து, "பெரியவரே, ஒருத்தி வந்துட்டா, தானா வந்துட்டா," என்றாள். நான் தொட்டிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். கதவு வழியாக ஒரு கறுப்புப் போர்வை போனது. நபவிய்யாவின் சோப்பு வாசனை.

1987 மார்ச் 12, வியாழன்

மற்றப் பதினோரு பெயர்களையும் குல்தாவிடம் படிக்கச் சொன்னேன். ஒருமுறை போதும்.

"எதுக்கு?" என்றான்.

"விசாரிக்கப் போறேன்."

"யாரை?"

"பேருக்குச் சொந்தக்காரிகளை."

பேனாவை மூடி வைத்தான். "நாலாவது ஆள் வடக்கு ஓரம், பேரீச்சை மரத்துக்குக் கீழே. உங்களுக்குத் தெரியும்னு தெரியும், இருந்தாலும் சொன்னேன்," என்றான்.

எந்தப் பெயர் எந்த மண்ணில் என்று எனக்கு யாரும் காட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு கல்லறையாக நின்று, குனிந்து, நம்பரைச் சொன்னேன். சனிக்கிழமை வா என்றேன். சுற்றி நின்ற பெண்கள் கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். எல்லோரும் இல்லை.

1987 மார்ச் 14, சனி

ஐந்து பேர்.

1987 மார்ச் 21, சனி

நேற்று ஷஹாத்தா வந்துவிட்டான். மீசை நரைத்திருக்கிறது. இன்று காலை மாடிக்கு, அதே புறாக்கூட்டுக்குப் பின்னால் கூப்பிட்டுப் பொட்டலத்தை நீட்டினேன்.

"என்னது வாப்பா?"

"ஏழு நாள். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு."

"எனக்கு ஒண்ணும் இல்லியே."

"எண்பத்து மூணுலயும் மூணு மாத்திரை போட்டதும் இதைத்தான் சொன்னே."

முகம் கறுத்தது. "யார் சொன்னா? அவளா? அவ என்னைப் பத்தி என்ன —"

"உன் அம்மா சொன்னா."

புறா ஒன்று உள்ளே சிறகடித்தது.

"அம்மா செத்து மூணு வருஷம் வாப்பா."

"போன மாசம் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தா. பதிவேட்டுல பேர் இருக்கு. உனக்குத்தான் படிக்கத் தெரியுமே, வந்து பாரு. அவ பேருல ஒரு பொண்ணு உன் அழுக்கைச் சுமந்துட்டு நாலு வருஷமா மலடின்னு பேர் வாங்கிட்டு இருக்கா. இன்னிக்கு ஃபாத்திஹா கிடையாது. இன்னொரு பொண்ணுக்கும் நீ அதையே குடுக்கறதுக்கு நான் ஓதமாட்டேன்."

பொட்டலத்தைப் பிரித்தான். பிறகு குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் எடுத்தான். அவன் தொண்டை ஏறி இறங்குகிறவரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஹிய்யா வாசலில் நின்று கத்திவிட்டுப் போனாள். என் ஜனாஸாவுக்குக்கூட வரமாட்டாளாம். வரட்டும் வராமல் போகட்டும், அவள் செத்தால் பதிவேட்டுக்கு ஒரு பெயரையாவது விட்டுவைப்பாள்.

1987 மார்ச் 28, சனி

பதினான்கு மாத்திரை. எல்லாவற்றையும் என் எதிரில் முழுங்கினான்.

1987 ஏப்ரல் 26, ஞாயிறு

ஷஹாத்தா போன வாரம் இராக்குக்குத் திரும்பிவிட்டான். இன்னும் மூன்று நாளில் நோன்பு.

மருந்து சாப்பிட்டவர்களுக்கு மறுபடி குச்சி எடுக்கிற நாள் இன்று. குழாய் திறந்திருக்கிறதா இல்லையா என்று குச்சி சொல்லாது, காலம்தான் சொல்லும் என்றாள் டாக்டர். கிருமி போய்விட்டதா என்று மட்டும்தான் தெரியும்.

குல்தா படித்தான். காலராவில் போனவள். பிரசவத்தில் போனவள். மழையில் புதைத்தவள். நான் அறுபத்தொன்றுக்காகக் காத்திருந்தேன்.

"அறுபத்தொன்று. மறுபரிசோதனை." நிறுத்தினான். "பேர் மாத்திக் குடுத்திருக்கா. தஹானி அப்துல் ஆல் மன்ஸூர். விலாசம் வாய்க்கால் தெரு, புறாக்கூட்டு வீடு." கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தான். "இந்தப் பேருல யாரும் செத்ததா எனக்கு ஞாபகம் இல்லியே பெரியவரே."

"இல்ல. இவ உயிரோட இருக்கா," என்றேன்.

தட்டை ஜாடிக்குள் வைத்து, ஓரத்தில் வாஸ்லின் பூசி, மெழுகுவர்த்தியை ஏற்றினேன். நாற்பது எண்ணுவதற்குள் அணைந்தது.

பதிவேட்டில் நபவிய்யா இனி வரமாட்டாள். இரண்டரை மாதமாக அவள் பெயரை யாராவது ஒருவர் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது எனக்குப் பழகிவிட்டிருந்தது.

இந்தக் கேசட்டில் இன்னும் கொஞ்சம் நாடா பாக்கி இருக்கிறது. அதில் ரொட்டியைப் பற்றி அவள் சொன்னது இருக்கிறது. தஹானி அதைக் கேட்டதில்லை. இன்று சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன்.

இதற்கு மேல் பேசினால் அது அழிந்துவிடும்.